ஏழரை மணி நேரத் தண்ணீர்: டென்னசியில் ஒரு ட்ரெயிலரின் குழாய்கள் உறைந்த நிகழ்வு

பின்னணி

டொராண்டோவை அடுத்த புறநகர் ஒன்றில் வாழும் ஒரு தமிழ்த் தம்பதியின் பயணம் பற்றியது இந்த ஆய்வு. கணவருக்கு அப்போது 66 வயது, மனைவிக்கு 61. ஓய்வுபெற்ற பிறகு, 2014இல் தயாரான 26 அடி நீள ட்ரெயிலர் ஒன்றை, அதாவது இன்னொரு வண்டி இழுத்துச் செல்லும், உள்ளேயே தங்கக்கூடிய வண்டியை, பழையதாக வாங்கியிருந்தார்கள். குளிர்காலத்தில் இரண்டு மாதம் புளோரிடாவில் இருந்துவிட்டு வர வேண்டும் என்பது அவர்களுடைய நெடுநாள் ஆசை. 2022 டிசம்பரில் முதல்முறையாக அது கைகூடியது. விடுமுறைக்கு வந்திருந்த 13 வயதுப் பேரனும் உடன் சென்றான். நான் குழாய் வேலை செய்பவன். அந்த வண்டியின் தண்ணீர் சம்பந்தப்பட்ட எல்லா வேலைகளிலும் என் கை இருந்தது. இந்த நிகழ்வில் நேர்ந்த தவறுகளிலும் எனக்குப் பங்கு உண்டு.

இத்தகைய வண்டியைப் பார்த்திராதவர்களுக்காகச் சில வரிகள். தரைக்கு அடியில் சுமார் 150 லிட்டர் நல்ல தண்ணீர்த் தொட்டி. கட்டிலுக்குக் கீழே 12 வோல்ட் மின்கலத்தில் ஓடும் சிறிய பம்ப். அங்கிருந்து அரை அங்குல பெக்ஸ் பிளாஸ்டிக் குழாய்கள் சமையலிடத்துக்கும் குளியலறைக்கும் போகின்றன. நடுவில் 23 லிட்டர் கொள்ளும் வெந்நீர்க் கலன். கழிவுக்கு இரண்டு தொட்டிகள். வெளிச்சுவரில் இரண்டு வாய்கள் உண்டு. ஒன்று, இத்தகைய வண்டிகள் நிறுத்தித் தங்கும் முகாமில் கிடைக்கும் குழாய்த் தண்ணீரை நேரே இணைக்கும் இடம்; இதை வெளிவாய் என்கிறேன். மற்றொன்று, சிறிய கதவுக்குள் ஒளிந்திருக்கும் வெளிப்புற ஷவர். இந்த இரண்டும்தான் பின்னால் கதையில் வருகின்றன.

அக்டோபரில் செய்தது

ஒன்டாரியோவில் அக்டோபர் முடிவதற்குள் குழாய்களைக் குளிருக்குத் தயார்செய்துவிட வேண்டும். அந்த மாத நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் வீட்டு வாசலில் வைத்தே அந்த வேலையைச் செய்தோம். தொட்டியைக் காலிசெய்தோம். வெந்நீர்க் கலனை அணைத்து, ஆறவிட்டு, அழுத்தத்தை விடுவித்து, அதன் அடைப்பைக் கழற்றினோம். கலனுக்குள் தண்ணீர் போகாதபடி மாற்றுவழி வால்வுகளைத் திருப்பினோம். இதைத் திருப்பாவிட்டால், குழாய்கள் உறைந்து உடையாமல் காக்கும் ஆன்டிஃபிரீஸ் என்ற நீர்மம் 23 லிட்டர் வீணாகக் கலனுக்குள் போய்விடும். வெளிவாயில் ஒரு பித்தளை அடைப்பானைப் பொருத்தி, அழுத்தம் 40 பிஎஸ்ஐக்கு (சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு) மேல் போகாமல் காற்றைச் செலுத்தி எஞ்சிய தண்ணீரை வெளியேற்றினோம். பிறகு பம்ப் வழியாக இளஞ்சிவப்பு ஆன்டிஃபிரீஸை உறிஞ்சவிட்டு, ஒவ்வொரு குழாயிலும் நிறம் வரும்வரை திறந்து வைத்தோம்.

இந்த இளஞ்சிவப்பு நீர்மம் புரோப்பிலீன் கிளைக்கால் கலந்தது. கார் எஞ்சினுக்கு ஊற்றும் பச்சை நீர்மம் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால், அது நஞ்சு. குடிதண்ணீர்க் குழாய்க்குள் ஒரு சொட்டும் போகக்கூடாது. இளஞ்சிவப்பு கேன்மேல் அச்சிட்டிருக்கும் மைனஸ் 50 என்ற எண் பாரன்ஹீட்டில் சொல்லப்படுவது. செல்சியசில் மைனஸ் 46. அந்தக் குளிர்வரை அது உறையவே உறையாது என்று பலர் எண்ணுகிறார்கள். அதற்கு வெகு முன்பே அது கூழாகிவிடும். கூழானாலும் குழாயை உடைக்கும் அளவுக்கு இறுகாது என்பதுதான் அந்த எண்ணின் பொருள். தண்ணீர் கலந்துவிட்டால் அந்தக் காப்பும் குறைந்துகொண்டே போகும். குழாயில் வருவது வெளிறிய ரோஜா நிறமாக இருந்தால் வேலை முடியவில்லை.

வெளிவாயில் ஒருவழி வால்வு ஒன்று இருக்கிறது. பம்ப் தள்ளும் ஆன்டிஃபிரீஸ் அந்தக் கிளைக்குள் தானாகப் போகாது, ஏனென்றால் அதற்கு மறுமுனையில் வழி இல்லை. வாயில் இருக்கும் வடிகட்டி வலையை எடுத்துவிட்டு, வால்வின் மூக்கை ஒரு குச்சியால் அழுத்திப் பிடித்தால் நிறம் பீறிட்டு வரும். அன்று அதையும் செய்தோம். மொத்தம் 3.78 லிட்டர் கேன்கள் இரண்டு செலவாயின. மூன்றாவது கேன் வண்டியிலேயே இருக்கட்டும் என்று விட்டோம். பித்தளை அடைப்பானை நான் என் கருவிப்பெட்டிக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

புறப்பாடு

திட்டப்படி அவர்கள் டிசம்பர் 21 அன்று கிளம்பியிருக்க வேண்டும். தெற்கு ஒன்டாரியோவுக்கும் பஃபலோவுக்கும் பெரும்பனிப் புயல் வருகிறது என்று வானொலி சொல்லிக்கொண்டே இருந்ததால் ஒரு நாள் முன்பாக, 20ஆம் தேதி செவ்வாய்க்கிழமை கிளம்பினார்கள். 401ஆம் நெடுஞ்சாலை, அமெரிக்க எல்லையைக் கடக்கும் அம்பாசிடர் பாலம், பிறகு தெற்கே போகும் ஐ-75 நெடுஞ்சாலை. முதல் இரவு ஒஹையோவின் ஃபிண்ட்லே அருகில், இரண்டாவது இரவு கென்டக்கியின் தென்பகுதியில். இரண்டு நாளும் குழாய்களுக்குள் ஆன்டிஃபிரீஸ்தான். குடிக்கவும் பல் துலக்கவும் கேன் தண்ணீர். கழிவறையில் ஊற்ற ஒரு வாளி. சிரமம்தான் என்றாலும் அதுவரை எல்லாம் சரியாகவே நடந்தது.

புயலை முந்திவிட்டோம் என்று அவர் தொலைபேசியில் மகிழ்ச்சியோடு சொன்னார். அவர் முந்தியது வடக்கே வந்த புயலை. அதை இழுத்துவந்த ஆர்க்டிக் காற்று மேற்கிலிருந்து அகலமாகச் சரிந்து, தெற்கு மாநிலங்களையும் சேர்த்து மூடப்போகிறது என்ற எச்சரிக்கை அதே நாட்களில் வெளியாகியிருந்தது. நாங்கள் இருவருமே அதைப் படிக்கவில்லை.

டிசம்பர் 22, பிற்பகல் 2 மணி

டென்னசி மாநிலத்தில், நாக்ஸ்வில்லுக்குத் தெற்கே ஒரு முகாமில் நண்பகலில் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு இரவு தங்கி, பேரனுக்கு மலைப்பகுதியைக் காட்டிவிட்டுப் போவது திட்டம். மழை தூறிக்கொண்டிருந்தது. உறைநிலைக்கு நன்றாக மேலே இருந்தது வெப்பம். கனடாவிலிருந்து வந்தவர்களுக்கு அது வசந்தம்.

இரண்டு நாள் ரொட்டியும் கேன் தண்ணீரும் போதும் என்றாகிவிட்டது. அரிசி களைய வேண்டும், ரசம் வைக்க வேண்டும், தலைக்குக் குளிக்க வேண்டும் என்றார் அந்த அம்மா. அதில் நியாயம் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவர் கணவர் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். தொட்டியில் பாதியளவு, ஏறக்குறைய 75 லிட்டர் நிரப்பினார். முகாமின் குழாயை வெளிவாயில் இணைத்தார். வெந்நீர்க் கலனை மூடிப் பொருத்தி, மாற்றுவழி வால்வுகளைத் திருப்பி, நிரப்பிச் சூடேற்றினார். பிறகு ஒவ்வொரு குழாயையும் திறந்து, நிறம் போய்த் தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓடவிட்டார். முறையாகச் செய்பவர் என்பதால் வெளிப்புற ஷவரையும் திறந்து கழுவிவிட்டார். அவருடைய அந்த ஒழுங்கு, சில மணி நேரம் கழித்து அவருக்கே எதிராகத் திரும்பியது.

இரவு 9.30

மாலையில் முகாம் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, இரவில் பொதுக் குழாய்களை மூடிவிடுவோம், இணைப்புகளைக் கழற்றிவிடுங்கள் என்று சொல்லிப் போயிருக்கிறார். அதன் பிறகுதான் இவர் முன்னறிவிப்பைப் பார்த்து என்னை அழைத்தார். விடியற்காலைக்குள் வெப்பம் செங்குத்தாக விழும், அடுத்த இரண்டு இரவும் பாரன்ஹீட்டில் ஒற்றை இலக்கம் என்றது அது. செல்சியசில் மைனஸ் 13க்கும் கீழே.

“தம்பி, வண்டியில் நான்கு பருவத்துக்கும் ஏற்றது என்று எழுதியிருக்கிறதே, உள்ளே சூடு வைத்துக்கொண்டு இருந்துவிட்டால் போதாதா?” என்று கேட்டார்.

மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, அவர் சொன்னது. நான் மறுத்தேன். அந்தச் சொல்லுக்குத் துறை முழுவதற்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. இந்த வண்டியின் அடிவயிற்றில் இருந்தது மெல்லிய பிளாஸ்டிக் தகடும், சூட்டடுப்பிலிருந்து இறங்கும் ஒற்றைக் காற்றுக்குழாயும் மட்டுமே. காற்று வேகமாக வீசினால் வண்டிக்கு அடியில் சூடு நிற்காது. “உணரும் குளிர்” என்று சொல்லப்படும் எண் குழாய்க்குப் பொருந்தாது, காற்றின் உண்மையான வெப்பநிலைக்குக் கீழே குழாய் போகாது என்பது சரிதான். ஆனால் அந்த நிலையை அது எவ்வளவு சீக்கிரம் எட்டும் என்பதைக் காற்றே தீர்மானிக்கிறது.

இரண்டாவது, இரவோடு இரவாகத் தெற்கே ஓட்டிவிடுவது. ஈரச் சாலை சில மணி நேரத்தில் பனிக்கண்ணாடி ஆகக்கூடிய இரவில், பின்னால் ட்ரெயிலரை இழுத்துக்கொண்டு, 66 வயதில். வேண்டாம் என்று இருவரும் ஒரே மூச்சில் சொன்னோம். அட்லாண்டாவிலும் மைனஸ் 10க்குக் கீழே போனது என்பது பிறகு தெரிந்தது. ஓடியிருந்தாலும் பயன் இருந்திருக்காது.

மூன்றாவது, மறுபடி குழாய்களைக் காலிசெய்து ஆன்டிஃபிரீஸ் ஏற்றுவது. அதையே முடிவுசெய்தோம். கையில் இருந்தது ஒரே கேன். முகாமில் பக்கத்து வண்டிக்காரர் பெருமனத்தோடு ஒரு பச்சைக் கேனை நீட்டினார். எஞ்சின் நீர்மம். நன்றி சொல்லித் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். கண்ணாடி துடைக்கும் நீல நீர்மமும் கூடாது என்றேன், அது மெத்தனால் கலந்தது. காற்றடிக்கலாம் என்றால், சக்கரத்துக்குக் காற்று நிரப்பும் சிறு கருவி அவரிடம் இருந்தது. அதைக் குழாயோடு இணைக்கும் பித்தளை அடைப்பான் 900 கிலோமீட்டருக்கு அப்பால் என் கருவிப்பெட்டியில் இருந்தது.

ஆகவே வரிசையை நான் தொலைபேசியில் சொல்லச் சொல்ல அவர் செய்தார். முதலில் கழிவுத் தொட்டிகளைக் காலிசெய்யச் சொன்னேன். அவற்றின் கத்தி வால்வு உறைந்த நிலையில் இழுத்தால் உடைந்துவிடும். காலையில் அந்த வேலை நடக்காது. பிறகு வெந்நீர்க் கலனை அணைத்து, வெந்நீரை உள்ளே குழாய் வழியாக ஓடவிட்டு ஆற்றி, அழுத்தம் போனபின் அடைப்பைக் கழற்றுதல். அவசரப்பட்டு நேரே கழற்றினால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். இதற்காகப் பல நிமிடம் காத்திருந்தோம். நல்ல தண்ணீர்த் தொட்டியின் வடிகுழாய் விரல் பருமன்தான். அது காலியாக அரை மணிக்கு மேல் ஆனது. குழாய் வரிசையின் மிகத் தாழ்ந்த இடத்தில் இருக்கும் தாழ்நிலை வடிகுழாய்கள் இரண்டையும் திறந்தார். உள்ளே எல்லாக் குழாய்களையும் திறந்து வைத்தார். மழையில் நனைந்தபடி பேரன் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தான்.

அந்த 3.78 லிட்டரை எப்படிப் பங்கிடுவது என்பதுதான் அன்றைய முக்கியமான கணக்கு. பம்ப்புக்கு முதலிடம். அதன் தலைப்பகுதி உடைந்தால் பயணமே முடிந்தது, அதில் வடியாத தண்ணீர் எப்போதும் சிறிது தங்கும். அடுத்து கழிவறையின் வால்வு. பிறகு சமையலிடம், குளியலறை. குளிர்நீர் முதலில், வெந்நீர் அடுத்து. ஒவ்வொன்றிலும் அடர்நிறம் வந்தவுடன் மூட வேண்டும், ஒரு குவளைகூட வீணாக்கக்கூடாது. கழிவுத் தொட்டிகளுக்குப் போகும் வளைகுழாய்களில் அதே நீர்மம் விழுந்து அவற்றையும் காக்கும். நள்ளிரவு 12.30க்கு எல்லாக் குழாயிலும் நிறம் வந்துவிட்டது, கேனில் இரண்டு விரல் மிச்சம்.

அப்போது பேரனுடைய குரல் எனக்குக் கேட்டது. “தாத்தா, வெளியே ஒரு சின்னக் கதவுக்குள் ஷவர் இருக்கிறதே?”

“அது தாழ்நிலைக் குழாயிலேயே வடிந்திருக்கும்” என்றார் தாத்தா. நான் அந்த நேரம் வெந்நீர் வால்வுகளைச் சரியாகத் திருப்பினாரா என்று மனத்துக்குள் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மறுத்துப் பேசவில்லை. வெளிவாயின் ஒருவழி வால்வை எனக்கு நினைவே இல்லை.

தண்ணீர் இருந்தது பிற்பகல் 2 முதல் 9.30 வரை. “சரியாக ஏழரை” என்று அந்த அம்மா பின்னொரு நாள் சொல்லிச் சிரித்தார்.

டிசம்பர் 23, 24

விடியற்காலையில் ஆர்க்டிக் காற்றின் முன்விளிம்பு கடந்தது. டென்னசியில் அந்தக் குளிர் எப்படிப்பட்டது என்பதற்கு ஒன்று சொன்னால் போதும்: நாஷ்வில்லில் 1996க்குப் பிறகு முதல்முறையாக வெப்பம் பாரன்ஹீட் சுழியத்துக்குக் கீழே போனது. மின்தேவை தாங்காமல், அப்பகுதிக்கு மின்சாரம் தரும் அமைப்பு 23, 24 இரு நாட்களும் சுழற்சி முறையில் மின்வெட்டு அறிவித்தது. முகாமிலும் விளக்குகள் அணைந்தன.

உள்ளே 1,500 வாட் மின்சூடேற்றி ஒன்றைச் சமையலிடத்தின் அருகே வைத்து, அலமாரிக் கதவுகளைத் திறந்திருந்தார்கள். மின்சாரம் நின்றபோது அதுவும் நின்றது. புரோப்பேன் சூட்டடுப்பு மட்டும் மின்கலத்தில் ஓடியது. அதன் வெப்பத்திறன் மணிக்கு 30,000 பிடியு (வெப்ப அலகு). இடைவிடாமல் எரிந்தால் 20 பவுண்டு உருளை ஒன்று 14 மணி நேரம் தாங்கும். இரண்டு உருளைகள் இருந்ததால் மனிதர்களுக்கு ஆபத்து இல்லை. ஒரு கணம் யோசித்தால், முதல் வழியைத் தேர்ந்திருந்தால் இந்த மின்வெட்டில் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு வயிறு கலங்குகிறது. மலைப்பகுதிக்குப் போகவில்லை. பேரன் இரண்டு நாளும் போர்வைக்குள் சீட்டாடினான்.

புளோரிடாவில் தெரியவந்தது

25ஆம் தேதி கிளம்பி, மறுநாள் வட புளோரிடா சேர்ந்தார்கள். அங்கும் இரவுகளில் உறைநிலை. இந்தத் தடவை அவர் காத்திருந்தார். 28ஆம் தேதி தொட்டியில் 20 லிட்டர் மட்டும் ஊற்றி, எல்லாக் குழாயையும் மூடி, பம்ப்பை ஓடவிட்டார். கசிவு இல்லாத அமைப்பில் பம்ப் அழுத்தத்தை எட்டியதும் நின்றுவிடும். பிறகு சத்தமே வராது. இங்கே சில நொடிக்கு ஒருமுறை உறுமி உறுமி நின்றது.

வெளிப்புற ஷவரின் சிறிய கதவுக்குக் கீழே தண்ணீர் வழிந்தது. நான்கு திருகாணிகளைக் கழற்றிப் பெட்டியை இழுத்துப் பார்த்தால், வெந்நீர்ப் பக்க வால்வின் பிளாஸ்டிக் உடல் நெடுக்காகப் பிளந்திருந்தது. அதை அடைத்தபின் முகாமின் குழாயை இணைத்தார். இப்போது வெளிவாயின் பின்புறம் பீறிட்டது. ஒருவழி வால்வும் உடைந்திருந்தது. சுவருக்குள் இறங்கிய தண்ணீரில் தரையடிப் பஞ்சு கொஞ்சம் நனைந்து, மின்விசிறி வைத்து உலர்த்த மூன்று நாள் ஆனது. பாகங்களுக்கு 70 டாலருக்குள் செலவு. பம்ப், கழிவறை வால்வு, உட்குழாய்கள் அனைத்தும் பிழைத்திருந்தன.

ஏன் அந்த இரண்டு மட்டும்

உறையும்போது தண்ணீர் சுமார் 9 விழுக்காடு விரிகிறது. பனிக்கட்டி குழாய்ச் சுவரை நெட்டித் தள்ளுவதால் அது வெடிக்கிறது என்பது பொதுவான எண்ணம். பெரும்பாலும் நடப்பது வேறு. ஓரிடத்தில் கட்டி அடைத்துக்கொள்கிறது. அதற்கும் மூடிய குழாய்க்கும் நடுவே சிக்கிய தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. கட்டி வளர வளர அந்தத் தண்ணீரில் அழுத்தம் ஏறி, வரிசையில் எது வலுவற்றதோ அது பிளக்கிறது. பெக்ஸ் குழாய் சற்று விரிந்து கொடுக்கும். வால்வின் உடலும் இணைப்புகளும் கொடுக்காது.

வெளிப்புற ஷவரின் இரு திருகுகளும் மூடியிருந்தன. உறிஞ்சுகுழலின் மேல்வாயை விரலால் அடைத்தால் உள்ளே இருக்கும் பானம் இறங்காமல் நிற்குமல்லவா, அதே கதை. மேலே காற்று நுழைய வழியில்லாததால் தாழ்நிலைக் குழாயைத் திறந்தும் அந்தக் கிளை வடியவில்லை. திருகுகளைத் திறந்து மட்டும் வைத்திருந்தால், ஆன்டிஃபிரீஸ் இல்லாமலேயே அது தப்பியிருக்க வாய்ப்பு உண்டு. ஒருவழி வால்வும் அதேபோல ஒரு முட்டுச்சந்து.

என்னை உறுத்துவது இது: அக்டோபரில் ஏற்றிய இளஞ்சிவப்பு நீர்மம் இந்த இரண்டு முட்டுச்சந்துகளிலும் அப்படியே நின்றிருந்தது. 22ஆம் தேதி பிற்பகலில் ஷவரைத் திறக்காமலும், வெளிவாயில் குழாயை இணைக்காமலும் இருந்திருந்தால் எதுவும் உடைந்திருக்காது. தொட்டியும் பம்ப்பும் மட்டுமே அன்றைய சோற்றுக்கும் குளியலுக்கும் போதும்.

மாற்றியவை

ஆன்டிஃபிரீஸ் காப்பை நீக்கும் நாளை, எவ்வளவு தெற்கே வந்துவிட்டோம் என்று வரைபடம் பார்த்துத் தீர்மானிப்பதை விட்டோம். போய்ச் சேர்ந்த இடத்தில் அடுத்த மூன்று இரவுகளின் தாழ்வெப்பம் பாரன்ஹீட்டில் 35க்கு மேல் இருந்தால்தான் குழாய்க்குத் தண்ணீர். இடையில் ஓரிரு நாள் வெயில் வந்தாலும் கேன் தண்ணீரிலேயே சமையல். எண் எதுவாக இருந்தாலும் இரண்டு கேன் ஆன்டிஃபிரீஸ் கையிருப்பு இல்லாமல் நீக்கக்கூடாது என்பதையும் சேர்த்துக்கொண்டோம். எனக்கு இதுதான் இன்னும் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் முன்னறிவிப்பு தவறலாம். பித்தளை அடைப்பான் இப்போது அவருடைய வண்டியில் கிடக்கிறது.

வரிசையைத் தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையிலிட்டு, பம்ப் இருக்கும் கட்டிலடிப் பலகையில் ஒட்டினோம். என் தலைக்குள் மட்டும் இருந்த பட்டியல் நள்ளிரவில் தொலைபேசி வழியே ஒழுகிப்போனதை இருவரும் பார்த்துவிட்டோம். அதன் கடைசி வரியைப் பேரன் எழுதினான்: “சின்னக் கதவு.”

அந்த வரிக்கு வேலை இல்லாமலும் போய்விட்டது. வெளிப்புற ஷவரை மாற்றாமல், சுவருக்குள் இரண்டு பெக்ஸ் குழாய்களையும் கிளை பிரியும் இடத்திலேயே வெட்டி மூடிவிடச் சொன்னேன். வருடத்துக்கு ஒருமுறை செருப்புக் கழுவ மட்டும் பயன்பட்ட கிளை அது. இப்போது அந்தக் கதவுக்குப் பின்னால் வண்டியின் சக்கரத்துக்குக் காற்று நிரப்பும் கருவி இருக்கிறது.

2023 டிசம்பரில் மறுபடி அதே சாலையில் சென்றார்கள். குழாய்களைத் திறந்தது புளோரிடாவுக்குள் நுழைந்து மூன்றாம் நாள். அதுவரை அரிசி களைய ஒரு 20 லிட்டர் கேனும், அதன்மேல் கையால் அழுத்தும் சிறிய பம்ப்பும் போதுமானதாக இருந்தன. முந்தைய ஆண்டே அதை யாரும் வாங்கித் தரவில்லையே என்று அந்த அம்மா என்னைக் கேட்டார்.